ஸ்டென்ட்டுக்கும் ஒரு கெடு தேதி உண்டு

வில்லியனூரோ பாகூரோ, உங்க வீட்டுலயும் கிட்னி கல்லுக்கு ஆபரேஷன் ஆன ஒரு மாமாவோ, யூரின் டியூபோட இருக்கிற ஒரு தாத்தாவோ இருக்கலாம். உள்ளே வச்ச அந்தக் குழாயை எப்போ எடுக்கணும்னு வீட்டுல யாருக்காவது தெரியுமா?

கல்லை எடுத்த பிறகு, சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவுல சில சமயம் டி.ஜே. ஸ்டென்ட்னு ஒரு மெல்லிய குழாய் வைப்பாங்க. ரெண்டு முனையும் 'ஜே' மாதிரி சுருண்டிருக்கும், அதனால நழுவாது. இதோட தடிமனை 'பிரெஞ்ச்' கணக்குல சொல்வாங்க. 3 பிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். (புதுச்சேரிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, பாரிஸ்ல மருத்துவக் கருவிகள் செஞ்ச ஷாரியேரோட அளவு அது.)

சிக்கல் என்னன்னா, வலி போயிடும். வலி போனா ஆஸ்பத்திரி ஞாபகமும் போயிடும். எப்போ எடுக்கணுங்கிறது டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரே ஒரு ஆங்கில வரியா இருக்கும். அந்த ஃபைல் பீரோவுக்குள்ள போயிடும். பொதுவா சில வாரத்துல, அதிகபட்சம் சில மாசத்துல எடுக்க வேண்டியது வருஷக்கணக்கா உள்ளேயே கிடக்கும்.

அப்போ என்ன ஆகும்? போர் தண்ணியில ஹீட்டர் காயில் மேல வெள்ளையா உப்பு படியுமே, கிட்டத்தட்ட அதேதான். இங்கே கூடவே பாக்டீரியாவும் சேரும். முதல்ல குழாய் மேல பயோஃபிலிம்னு ஒரு வழுவழுப்பான படலம் கட்டும். அதுக்குள்ள ஆன்டிபயாடிக் சரியா எட்டாது. புரோட்டியஸ் மாதிரி கிருமிகள் யூரியேஸ் என்சைமால யூரியாவை உடைச்சு அம்மோனியா ஆக்கும். சிறுநீரோட பி.எச். ஏறும். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்து ஸ்ட்ரூவைட் கல்லா இறுகும். எளிதா உருவி எடுக்க வேண்டிய குழாயை அப்புறம் கல்லை உடைச்சுத்தான் எடுக்கணும். இழுத்தா முறியவும் செய்யும். இதைவிட மோசம், அடைப்பால சிறுநீரகம் சத்தமில்லாம செயலிழக்கிறது.

தாத்தாவோட ஃபோலி கத்தீட்டரும் இப்படித்தான். சிலிக்கான்னா ரப்பரை விடக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். பையில யூரின் வராம அடிவயிறு உப்புனாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ உடனே கூட்டிட்டுப் போங்க. டியூபை நீங்களே இழுக்காதீங்க, உள்ளே தண்ணி நிரப்பின பலூன் இருக்கு.

இந்த வாரம் ஊருக்குப் போனா அந்த ஃபைலை எடுத்துப் படிங்க. 'ஸ்டென்ட் ரிமூவல்'னு இருந்தா பக்கத்துல இருக்கிற தேதியைப் பாருங்க. தேதி இல்லைன்னா, ஃபைலோட கோரிமேடு ஜிப்மர் மாதிரி யூராலஜி பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க. பெரும்பாலான ஸ்டென்ட் எக்ஸ்ரேயிலயே தெரிஞ்சிடும்.