ஊர் ஊராய் வாடகை வீடு – 7: பழைய சுவர், புது வாடகை

தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள் அல்லவா? அவர்களை அனுப்பிய நான்காம் கிறிஸ்டியன் மன்னர்தான், ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன்ஸ்ஹவுன் என்ற வணிகர் பேட்டையையும் உருவாக்கினார். அங்கே ஸ்ட்ராண்ட்கேட் தெருவில் 30-ஆம் எண் வீட்டில் 1898 முதல் 1909 வரை ஓவியர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் மனைவி ஈதாவோடு குடியிருந்தார். வாடகைக்குத்தான். சாமான் இல்லாத அறை, பாதி திறந்த கதவு, நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஈதா. அவருடைய புகழ்பெற்ற படங்கள் பலவும் அந்த வாடகை வீட்டுக்குள்ளேயே பிறந்தவை. பிற்பாடு அதே தெருவில் 25-ஆம் எண்ணுக்குக் குடிபோனார். அது, தரங்கம்பாடி வணிகத்தை நடத்திய ஆசியக் கம்பெனியின் பழைய கட்டடம்!

இப்படிப்பட்ட வீடுகளைப் புதுப்பித்து இன்றும் வாடகைக்கு விடுகிறார்கள். பழைய நகரத்தில் 1728, 1795 தீ விபத்துகளுக்குத் தப்பிய வீடுகள் குறைவு. 1795-க்குப் பின், தீயணைப்பு ஏணிகள் திரும்ப வசதியாக, தெருமுனை வீடுகளின் மூலையைச் சாய்வாக வெட்டிக் கட்டச் சொன்னார்கள். உள்ளே போனால் இழைத்துப் பளபளக்கும் மரத்தரை. பழைய ஜன்னலை மாற்றாமல், குளிருக்காக உட்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம். எல்லாம் அழகு, குளியலறையைத் திறக்கும்வரை. கட்டியபோது குளியலறையே கிடையாது. பின்னாளில் கிடைத்த மூலையில் திணித்தது. பல வீடுகளில் கழிப்பறைக்கு மேலேயே ஷவர் தொங்கும். குளித்து முடித்ததும் வைப்பர் எடுத்துத் தரைத் தண்ணீரைத் தள்ளுவது தினசரிக் கடமை.

சங்கதி வாடகையில் இருக்கிறது. கோபன்ஹேகனில் 1992-க்கு முந்தைய கட்டடங்களில், பெரும்பாலும், கட்டடத்தை நடத்த ஆகும் செலவை வைத்துத்தான் வாடகை; வீட்டுக்காரர் நினைத்தபடி கேட்க முடியாது. ஆனால் வீட்டை முழுமையாகப் புதுப்பித்துவிட்டால், அதன் தரத்துக்கு ஏற்ற கூடுதல் வாடகை கேட்கலாம். விளைவை ஊகிக்கலாம்: பழைய குடித்தனக்காரர் எப்போது காலி செய்வார் என்று காத்திருக்க வேண்டியது, பிறகு சமையலறையைப் பெயர்க்க வேண்டியது. அமெரிக்காவின் பிளாக்ஸ்டோன் நிறுவனம் கட்டடம் கட்டடமாக வாங்கியபோது ஊரே கொந்தளித்தது. 2019-இல் ஐ.நா.வின் வீட்டுரிமைச் சிறப்பு அறிக்கையாளர் லெய்லானி ஃபார்ஹாவும் கண்டித்தார். 2020 ஜூலை 1 முதல் புதுச் சட்டம்: கட்டடம் கைமாறினால், பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. குடியிருப்பவர் பக்கம் நின்ற சட்டம் என்றே சொல்வேன், தாமதமாக வந்தாலும்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அது போக மூன்று மாத வாடகையை முன்கூட்டியே கேட்கலாம். (நம் 2017 வாடகைச் சட்டமும் மூன்று மாதம்தான் என்கிறது, சென்னைத் தரகரிடம் சொல்லிப் பாருங்கள்.) ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளை வாடகைக்கு விடுபவர், சாவி கொடுக்கும்போது குடிவருபவரையும் அழைத்து வீட்டைச் சுற்றிப் பார்த்து அறிக்கை தர வேண்டும். கதவுக் கீறல், ஒழுகும் குழாய் என்று விட்டுப்போனதை 14 நாட்களுக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் காலி செய்யும்போது அட்வான்ஸில் கழியும்.

புதுப்பித்த வீட்டின் வாடகை நியாயமில்லை என்று தோன்றினால், நகராட்சிதோறும் வாடகை வாரியம் உண்டு. சிறு கட்டணம் செலுத்தி மனுப் போட்டால் போதும், வக்கீல் வேண்டாம். ஆனால் ஓராண்டுக்குள் போட வேண்டும். கணக்கு, முதல் வாடகை கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து.

(தொடரும்)