பழைய பைக், புதிய கணக்கு
கிலோமீட்டரையும் மைலேஜையும் பார்த்து வாங்கிய காலம் போய்விட்டது. இன்று பழைய மோட்டார் சைக்கிளின் மதிப்பைத் தீர்மானிப்பவை இரண்டு: அது விடும் புகை, அதன் மீது மோதும் காற்று.

2017 மார்ச் மாதத்தின் கடைசி இரண்டு நாட்கள். நாடெங்கும் இருசக்கர வாகன ஷோரூம்களில் தீபாவளிக் கூட்டம். காரணம் பண்டிகை அல்ல, உச்ச நீதிமன்றம். பாரத் ஸ்டேஜ் 3 தரத்தில் தயாரான வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று மார்ச் 29 அன்று தீர்ப்பு வந்தது. அப்போது நிறுவனங்களின் கையிருப்பில் தேங்கிக் கிடந்த பி.எஸ். 3 வாகனங்கள் 8 லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஏறக்குறைய 6.7 லட்சம் இருசக்கர வாகனங்கள். ஹீரோ 12,500 ரூபாய் வரையும், ஹோண்டா 22,000 ரூபாய் வரையும் தள்ளுபடி தந்தன. பல ஊர்களில் மார்ச் 31 மாலைக்குள் ஷோரூம்கள் காலி.

அந்த வண்டிகள் எங்கும் போய்விடவில்லை. கைமாறிக் கைமாறிப் பழைய வண்டிச் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. தில்லி கரோல் பாக் போன்ற இடங்களில் கழுவித் துடைத்து, சீட்டுக்குப் புது உறை போட்டு, டயருக்குக் கறுப்புப் பூசி வரிசையாக நிற்கும் வண்டிகளில் எது பி.எஸ். 3, எது பி.எஸ். 4 என்று பார்வையில் சொல்லிவிட முடியாது. வாங்க வருகிறவரும் கேட்பதில்லை. அவர் கேட்பது வழக்கமான மூன்று கேள்விகள்: எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? கடைசியாக என்ன விலை?

தேய்ந்த டயரை மாற்றலாம். செயினை மாற்றலாம். எஞ்சினைப் பிரித்து பிஸ்டனே புதிதாகப் போடலாம். மெக்கானிக்கால் மாற்ற முடியாதவை இரண்டு. ஒன்று, எந்த மாசுத் தரத்தில் வண்டி பிறந்தது என்பது. மற்றொன்று, நெடுஞ்சாலைக் காற்றை எதிர்கொள்ள அது எந்த உடலமைப்போடு பிறந்தது என்பது. முதலாவது, சட்டம் அந்த வண்டிக்குத் தந்திருக்கும் ஆயுளைச் சொல்கிறது. இரண்டாவது, ஓட்டுபவரின் உடம்பு அதைத் தாங்குமா என்று சொல்கிறது.

தலைநகரில் ஆயுள் 15

தில்லியில் 15 ஆண்டு தாண்டிய வாகனங்கள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் உத்தரவிட்டது. டீசல் வண்டிக்கான கெடு 10 ஆண்டு என்று 2015 ஏப்ரலில் குறுகியது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை உறுதி செய்தது. குர்காவ், நொய்டா, மீரட், பானிபட், ஆல்வர் என்று தலைநகர் வட்டாரம் முழுவதற்கும் இது பொருந்தும். மோட்டார் சைக்கிள்கள் பெட்ரோலில் ஓடுவதால் அவற்றுக்குக் கெடு 15 ஆண்டு.

2025 ஜூலை 1 அன்று தில்லி அரசு ஒரு படி மேலே போய், கெடு தாண்டிய வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்குகளில் எரிபொருள் நிறுத்தியது. எதிர்ப்பு வலுக்கவே சில நாட்களில் பின்வாங்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்த உத்தரவு திருத்தப்பட்டது. பாதுகாப்பு பி.எஸ். 4 தரத்துக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் மட்டும்தான் என்றாயிற்று.

இந்தத் திருத்தம் பழைய வண்டிச் சந்தையின் நடுவே ஒரு கோடு போட்டுவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பி.எஸ். 3. இந்தப் பக்கம் பி.எஸ். 4. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் இதற்கு நல்ல உதாரணம். 2016-ல் வந்தபோது அது கார்புரேட்டர் பொருத்திய பி.எஸ். 3 வண்டி. 2017-ல் ஃப்யூயல் இஞ்செக்‌ஷனோடு பி.எஸ். 4 ஆயிற்று. அதே 411 சி.சி., அதே தோற்றம். ஆனால் 15 ஆண்டு முடியும் நாளில் தில்லியில் முன்னது நிறுத்தப்படலாம். பின்னதற்கு, இன்றைய உத்தரவுப்படி, பாதுகாப்பு உண்டு. நீதிமன்ற உத்தரவுகள் மாறக் கூடியவை என்றாலும், அவை இதுவரை மாறி வந்த திசை தெளிவு: பழைய தரத்துக்கு நெருக்கடி கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஏமாறும் இடமும் இங்கேதான் இருக்கிறது. மார்ச் 31-க்குள் விற்ற வண்டிகளை, விற்பனைச் சான்று இருந்தால், அதன் பிறகும் பதிவு செய்துகொள்ள அனுமதி இருந்தது. எனவே ஆர்.சி.யில் பதிவுத் தேதி 2017 ஏப்ரல் என்று இருக்கலாம். எஞ்சினோ பி.எஸ். 3. பதிவு ஆண்டை மட்டும் பார்த்து வாங்குகிறவர் ஏமாந்துபோவார். பார்க்க வேண்டியது வண்டி தயாரான மாதத்தையும், ஆர்.சி.யிலோ எம்-பரிவாஹன் செயலியிலோ உள்ள மாசுத் தரத்தையும். இன்னொரு எளிய அடையாளமும் உண்டு. 2017 ஏப்ரல் முதல் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினால் முகப்பு விளக்கு தானே எரிய வேண்டும் என்பது விதி. ஹேண்டில்பாரில் முகப்பு விளக்கை அணைக்க சுவிட்ச் இருந்தால், வண்டி அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மிச்சமிருக்கும் மாதங்கள்

கெடு இருக்கும் ஊரில் விலையைக் கணக்கிடும் முறையே வேறு. ஓராண்டு ஆயுள் மிச்சமுள்ள வண்டி 30,000 ரூபாய்க்கும், ஏழாண்டு மிச்சமுள்ளது 63,000 ரூபாய்க்கும் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மலிவானது முதலாவது என்று தோன்றும். மாதக் கணக்குப் போட்டால் முதலாவதுக்கு 2,500 ரூபாய். இரண்டாவதுக்கு 750. கெடு நெருங்கும் வண்டியைத் தடையில்லாச் சான்று வாங்கி வேறு மாநிலத்துக்கு விற்கலாம்தான். ஆனால் விற்பவருக்குள்ள அவசரம் வாங்குபவருக்கும் தெரியும்.

தலைநகர் வட்டாரத்துக்கு வெளியே நிலைமை வேறு. 15 ஆண்டு முடிந்த வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். 2022 முதல் மோட்டார் சைக்கிளுக்கு இதற்கான கட்டணம் 1,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025-ல் இது 2,000 ஆக்கப்பட்டது. தில்லியில் ஓட முடியாத வண்டி நாக்பூரில் தாராளமாக ஓடும். வங்கி, ரயில்வே, ராணுவம் என்று நாலைந்து ஆண்டுக்கு ஒரு முறை ஊர் மாறும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்று போபாலில் வாங்கும் வண்டியோடு நாளை காஸியாபாத் போக நேரலாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். சாலை வரியும் புதிதாகக் கட்ட வேண்டும்.

1985 முதல் 1996 வரை தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு இன்றும் ரசிகர்கள் ஏராளம். நன்றாகப் பராமரித்த வண்டிக்குக் கேட்கும் விலை மலைக்க வைக்கிறது. ஆனால் விண்டேஜ் என்று சட்டம் ஏற்பது 50 ஆண்டு தாண்டியவற்றை மட்டுமே. அதுவரை தலைநகரில் அது கெடு முடிந்த வண்டி.

மாசுத் தரம் காகித விஷயம் மட்டுமல்ல. பி.எஸ். 4-ல் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கலன் வந்தது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6-ல் பெரும்பாலான வண்டிகள் கார்புரேட்டரைக் கைவிட்டு ஃப்யூயல் இஞ்செக்‌ஷனுக்கு மாறின. புகைக் குழாயில் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்தது. குளிர்காலக் காலையில் கிளம்ப அடம் பிடிக்காது என்பது இதன் லாபம். பழுதானால் தெருமுனை மெக்கானிக்கின் ஸ்க்ரூ டிரைவருக்கு அடங்காது என்பது நஷ்டம். முந்தைய உரிமையாளர் சத்தத்துக்கு ஆசைப்பட்டு சைலன்ஸரை மாற்றியிருந்தால், அதனுள் இருந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் போயிருக்கும். அசல் சைலன்ஸரைத் திரும்பப் பெறாமல் பேரத்தை முடிப்பது புத்திசாலித்தனம் அல்ல. மாசுச் சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம்.

நாலு மடங்கு காற்று

நகரத்துக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரு சுகம். தில்லி-ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் 80-ஐத் தொடும்போது அதுவே பாரம். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. அதை வெல்ல எஞ்சின் தர வேண்டிய சக்தி எட்டு மடங்கு. எட்டு குதிரைத்திறன் சுமார் உள்ள 100 சி.சி. வண்டி நெடுஞ்சாலையில் மூச்சு வாங்குவதற்கும், லிட்டருக்கு 60 கொடுத்த வண்டி அங்கே கஞ்சனாவதற்கும் இதுவே காரணம்.

எஞ்சினைவிட மோசமாக அடி வாங்குவது மனிதன். நெஞ்சில் மோதும் காற்றை எதிர்த்து உட்கார, கைகள் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடிக்கின்றன. கழுத்து ஹெல்மெட்டைத் தாங்குகிறது. இரண்டு மணி நேரத்தில் தோள் இறுகும். ஜனவரிக் குளிரில் விரல்கள் மரத்துப்போகும். லாரியை முந்தும்போது, அதன் மறைவிலிருந்து வெளியே வந்த நொடியில் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். அந்த நேரத்தில் களைத்த கையும் மரத்த விரலும் பிரேக்கைத் தாமதமாகத்தான் பிடிக்கும். மாதம் ஒரு முறையாவது 200 கிலோமீட்டர் போகிறவருக்கு முன் கண்ணாடி அலங்காரம் அல்ல.

ஆனால் கண்ணாடி இருந்தாலே போதும் என்பதும் தவறு. அதன் மேல் விளிம்பிலிருந்து கிளம்பும் சுழல் காற்று நேராக ஹெல்மெட்டில் மோதினால், கண்ணாடியே இல்லாததைவிடத் தொல்லை. இதைக் கண்டுபிடிக்கச் சாலையில் ஒரு சோதனை போதும். காலியான சாலையில் சீரான வேகத்தில் போகும்போது முதுகை நிமிர்த்தித் தலையைச் சற்று உயர்த்த வேண்டும். இரைச்சலும் ஆட்டமும் குறைந்தால், சுழல் காற்று சாதாரணமாக உட்காரும் உயரத்தில் ஹெல்மெட்டைத் தாக்குகிறது என்று பொருள். ஓட்டுபவரின் உயரத்தைப் பொறுத்து இது மாறும் என்பதால், நண்பருக்குச் சரியாக இருந்த வண்டி நமக்கும் சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

இந்தியச் சந்தையில் இதற்கேற்ற பழைய வண்டிகள் உண்டு. ஹீரோ ஹோண்டாவின் 223 சி.சி. கரிஸ்மா 2003-ல் வந்து, அரை ஃபேரிங்கைப் பரவலாக்கியது. பஜாஜ் பல்ஸர் 220-ன் அரை ஃபேரிங் இன்றும் பிரபலம். 2011-ல் வந்த ஹோண்டா சி.பி.ஆர். 250ஆர் முழு ஃபேரிங்கோடும் ஃப்யூயல் இஞ்செக்‌ஷனோடும் நெடும்பயணக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. யமஹா ஆர் 15 போன்றவற்றிலோ, குனிந்து படுத்தால்தான் காற்றுத் தடுப்பு. நிமிர்ந்தால் நெஞ்சு வெளியே. மணிக்கட்டில் விழும் பாரம் வேறு. ஹிமாலயன் நிமிர்ந்த இருக்கையோடும் முன் கண்ணாடியோடும் வந்தது.

இங்கேதான் இரண்டு கணக்குகளும் மோதுகின்றன. காற்றுக்கு நல்ல கரிஸ்மாக்களில் பல, தலைநகரில் கெடு முடிந்தவை. கெடு நிறைய மிச்சமுள்ள பல பி.எஸ். 6 வண்டிகள், காற்றுக்குத் திறந்த மேனியாக நிற்பவை. பிந்தையதற்கு வெளியிலிருந்து கண்ணாடி வாங்கிப் பொருத்தலாம். ஹேண்டில்பாரில் கவ்வும் பெரிய கண்ணாடி வேகத்தில் ஹேண்டிலையே ஆட்டும் என்பதால், விளக்குக் கூட்டிலோ சட்டத்திலோ பொருத்தும் அளவான கண்ணாடி மேல். பி.எஸ். 3-ஐ பி.எஸ். 6 ஆக்க மட்டும் எந்தக் கடையிலும் பாகம் கிடைக்காது. ஆகவே தலைநகர் வட்டாரத்தில் இருப்பவரும், அங்கே மாற்றலாகக் கூடியவரும் முதலில் தரத்தைப் பார்த்து, பிறகு காற்றைப் பார்ப்பதே முறை. மற்ற ஊர்களில் நெடுஞ்சாலையே பிழைப்பு என்றால் வரிசையைத் திருப்பிக்கொள்ளலாம்.

2017 மார்ச்சில் வரிசையில் நின்றவர்கள் முட்டாள்கள் அல்ல. 22,000 ரூபாய் வரை மிச்சப்படுத்தினார்கள். ஆனால் அந்தத் தள்ளுபடி முதல் உரிமையாளரின் பையில் போய்ச் சேர்ந்துவிட்டது. வண்டியோடு ஒட்டிக்கொண்டு வருவது தேதி மட்டுமே. அதற்கான விலையைக் கேட்டுக் குறைக்க வேண்டியது இரண்டாவதாக வாங்குகிறவரின் பொறுப்பு.

பணம் கொடுக்கும் முன்

● ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடவும். கடன் பாக்கி, செலுத்தாத அபராதம் உண்டா என்றும் பார்க்கவும்.

● புது மாசுச் சோதனையை உடனிருந்து செய்யச் சொல்லவும். பழைய சான்றிதழைக் காட்டினால் ஏற்க வேண்டாம்.

● ஃபேரிங்கின் நிறம் பகுதிக்குப் பகுதி மாறினாலோ, பொருத்தும் காதுகள் உடைந்திருந்தாலோ வண்டி விழுந்திருக்கிறது. ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பி, சட்டத்தில் அது மோதும் இடம் நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கவும்.

● தயாரிப்பு நின்றுபோன மாடல் என்றால், ஃபேரிங் பாகங்கள் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்கவும்.

● மஞ்சள் படிந்த, கீறல் விழுந்த கண்ணாடி இரவில் எதிர்வரும் விளக்கொளியைச் சிதறடிக்கும். கண்ணாடி வழியாக அல்லாமல் அதற்கு மேலாகச் சாலை தெரிய வேண்டும்.

● 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். நெடுஞ்சாலைக்கு வாங்குகிறவர் அதைத் தேடலாம்.

● மும்பை-புனே, தில்லி-மும்பை எக்ஸ்பிரஸ் சாலைகளில் இருசக்கர வண்டிக்கு அனுமதி இல்லை. பெங்களூர்-மைசூர் சாலையின் பிரதான பாதையிலும் 2023 ஆகஸ்ட் முதல் தடை. போக நினைக்கும் வழியை விசாரித்துவிட்டு வண்டியைத் தேர்ந்தெடுக்கவும்.