நாய்க்கு மலச்சிக்கலா? திராட்சை வேண்டாம்!

கைக்குழந்தைக்கு ஒரு நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் பாட்டி உலர்ந்த திராட்சையை ஊற வைப்பாள். அத்தை விளக்கெண்ணெயைத் தேடுவாள். வீட்டு நாய்க்கு அதே தொல்லை வந்தால் அதற்கும் அதே வைத்தியம்தான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அங்கேதான் ஆபத்து!

எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாக ஒரு பொமரேனியன் இருக்கிறது. பெயர் டாமி. காலையும் மாலையும் தெருவுக்குக் கூட்டிப் போவது நான்தான் என்பதால் இந்த விஷயம் எனக்கு அத்துப்படி.

எப்படித் தெரிந்துகொள்வது?

ஆரோக்கியமான நாய் தினமும் ஒன்றிரண்டு தடவை வெளிக்குப் போகும். மலச்சிக்கல் வந்தால் முதுகை வளைத்து உட்கார்ந்து முக்கும், ஒன்றும் வராது. வந்தாலும் ஆட்டுப் புழுக்கை மாதிரி காய்ந்து கெட்டியாக இருக்கும்.

ஆனால் முக்குகிற நாய்க்கெல்லாம் மலச்சிக்கல் என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொண்ட நாயும் இப்படித்தான் முக்கும். சிறுநீர் போகவில்லையென்றால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

ஏன் வருகிறது?

முதல் எதிரி ஞாயிற்றுக்கிழமை மட்டன் எலும்பு! நொறுங்கிய எலும்பு குடலில் சுண்ணாம்புக் கட்டி போல இறுகிவிடும். தண்ணீர் போதாமை, நாளெல்லாம் கட்டியே போட்டிருப்பது, வயதான ஆண் நாய்க்கு புராஸ்டேட் சுரப்பி வீங்குவது இவையும் காரணங்கள்.

சடை நாய்களுக்கு வாலடி முடியில் மலம் ஒட்டிக் காய்ந்து, வழியையே அடைத்துவிடும். ஒரு கோடையில் டாமிக்கு இப்படி ஆயிற்று. வெதுவெதுப்பான தண்ணீரால் ஊற வைத்து, முனை மழுங்கிய கத்தரியால் முடியை வெட்டி விட்டேன். அரை மணியில் காரியம் முடிந்தது!

வீட்டில் என்ன செய்யலாம்?

நாய் உற்சாகமாக இருந்து, சாப்பிடவும் செய்தால் ஒரு நாள் பார்க்கலாம். நிறையத் தண்ணீர் வையுங்கள். சாதத்தைத் தளரப் பிசைந்து போடுங்கள். மஞ்சள் பூசணிக்காயை உப்பு, காரம், வெங்காயம் இல்லாமல் வேகவைத்து மசித்து, சின்ன நாய்க்கு 1 டீஸ்பூன், பெரிய நாய்க்கு 2 டேபிள்ஸ்பூன் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள். நன்றாக நடக்க வையுங்கள்.

செய்யவே கூடாதவை

* திராட்சை உலர்ந்ததோ, பழமோ, ஊறின தண்ணீரோ வேண்டாம். நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். தின்றுவிட்டால் காத்திராமல் டாக்டரைப் பாருங்கள்.
* விளக்கெண்ணெய், நாம் சாப்பிடும் பேதி மாத்திரை கொடுக்காதீர்கள்.
* மருந்துக்கடை எனிமா வேண்டாம். அதிலுள்ள பாஸ்பேட் சின்ன நாயின் உயிருக்கே ஆபத்து.
* ஆசனவாயில் நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள், குடல் கிழிந்துவிடும்.

இரண்டு நாளாகப் போகவில்லை, வாந்தி, ரத்தம், வயிறு உப்பல், சாப்பாடு வேண்டாம் என்று ஒதுங்குவது - இவற்றில் ஒன்று இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டியானால் இரண்டு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

குழந்தையாவது அழுது ஊரைக் கூட்டும். நாய் பேசாமல் மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் தெருவில் சங்கிலியைப் பிடித்து நிற்கிற அந்த ஐந்து நிமிஷம், அடுத்த வீட்டு மாமியிடம் பேசினாலும் ஒரு கண் நாயின் மேல் இருக்கட்டும்!