ஆசிரியர் பயிற்சியும் இணையமும்: புதுக்கோட்டையிலிருந்து சில குறிப்புகள்

ஆசிரியர் பயிற்சி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பி.எட்.தான். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது அல்ல. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை வந்துகொண்டே இருக்குமே, பணியிடைப் பயிற்சி, அதைப் பற்றியது. அதற்குள் செயற்கைக்கோள், கணினி, இணையம், செல்போன் என்று ஒவ்வொன்றாக நுழைந்தன. ஒவ்வொன்று வரும்போதும் 'இனிமே எல்லாம் மாறிடும்'னு சொன்னாங்க. எது மாறியது என்று பார்க்க நம்ம புதுக்கோட்டை மாவட்டம் நல்ல இடம். மேலிருந்து இறங்கிய வலைப்பின்னலையும் பார்த்த ஊர் இது. தானே ஒன்றைப் பின்னிப் பார்த்த ஊரும் கூட.

முதலில் ஒரு ஈராசிரியர் பள்ளியை மனசில் வச்சுக்குங்க. மணமேல்குடி, ஆவுடையார்கோவில் பக்கம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பு, இரண்டே ஆசிரியர். ஒருவர் தலைமையாசிரியர், பதிவேடும் எமிஸ் பதிவும் அவருடைய பாதி நேரத்தைத் தின்றுவிடும். மூன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்கு எழுத்தெல்லாம் தெரிகிறது, ஆனால் சேர்த்து வாசிக்க வரவில்லை. 'ஏன் இவனுக்கு இப்படி?' என்று கேட்க அங்கே இருப்பது இன்னும் ஒரே ஒரு ஆள். அவருக்கும் தெரியலைன்னா கேள்வி அங்கேயே நின்றுவிடும். பயிற்சிக்கு ஒருவர் கிளம்பினால் அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளி.

பயிற்சி எப்படி வந்து சேர்கிறது? சென்னையில் மாநிலக் கருத்தாளர்களுக்கு நடக்கும். அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்வார்கள். அங்கிருந்து வட்டார வள மையம், ஆசிரியர் பயிற்றுநர், பிறகு குறுவள மையம். நம்ம மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். ஒவ்வொன்றின் கீழும் பல குறுவள மையங்கள். சென்னையில் தயிராகப் புறப்பட்டது குறுவள மையத்துக்கு வரும்போது நீர்மோர் ஆகிவிடும் என்பது எல்லோரும் சொல்லும் குறை. ஐந்து நாள் பயிற்சி மூன்றாகும், மூன்று ஒன்றாகும். செய்முறை போய்க் கையேட்டை வாசிப்பதாகும்.

இந்தக் குறைக்கு மருந்தாகத்தான் தொலைத்தொடர்பு வந்தது. இந்தியாவில் இது இணையத்துக்கு ரொம்ப முந்தைய கதை. 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு டி.வி. ஒளிபரப்பினார்கள். 'சைட்' என்று பெயர். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. அதில் ஒரு பகுதி, அறிவியல் கற்பிக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி. எனக்குப் பிடித்த விஷயம், டி.வி.யை மட்டும் நம்பி அவர்கள் அதைச் செய்யவில்லை. கூடவே வானொலி, கையால் செய்து பார்க்கும் சோதனைகள், பக்கத்திலேயே உதவிக்கு ஒரு ஆள் என்று சேர்த்துத் திட்டமிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் டி.வி.யை ஞாபகம் வச்சுக்கிட்டு, பக்கத்தில் நின்ற அந்த ஆளை மறந்துட்டாங்க.

2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் ஏவப்பட்டது. கல்விக்காக மட்டும் இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள். மையங்களில் இரண்டு வகைக் கருவி வைக்கலாம். ஒன்று வாங்க மட்டும் செய்யும். கேள்வி கேட்க வேண்டுமானால் போன் போட வேண்டியதுதான். இன்னொன்று திருப்பி அனுப்பவும் செய்யும். இரண்டாவது வகைக்குச் செலவு அதிகம்.

சரி, இரண்டாவது வகையே எல்லா இடத்திலும் இருக்குன்னு வச்சுக்குவோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. நூறு மையம், மையத்துக்கு முப்பது ஆசிரியர். மூவாயிரம் பேர். கேள்வி நேரம் அரை மணி, ஒரு கேள்வி-பதிலுக்கு மூன்று நிமிடம் என்றால் பத்துக் கேள்வி. மூவாயிரத்தில் பத்துப் பேர் வாய் திறக்கலாம். செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் நம் குரல் அங்கே ஏறி இறங்கக் கால் விநாடி ஆகும். அந்தத் தாமதத்தைப் பற்றிப் பொறியாளர்கள் நிறையக் கவலைப்பட்டார்கள். மீதி 2,990 பேரின் தாமதத்தை எந்தப் பொறியாளரும் சரிசெய்ய முடியாது.

தயிர் நீர்த்துப்போவது பாதிப் பிரச்சினைதான். மீதிப் பாதி, கீழேயிருந்து எதுவும் மேலே ஏறுவதில்லை என்பது. அந்த மூன்றாம் வகுப்புப் பையனைப் பற்றிய கேள்வி குறுவள மையத்தைத் தாண்டிப் போக வழி கிடையாது. செயற்கைக்கோள் முதல் பாதியைத்தான் சரிசெய்தது: எல்லோரும் ஒரே நிபுணரை நேரடியாகக் கேட்டார்கள். கேள்வி நின்ற இடத்திலேயே நின்றது.

இப்போது நம்ம ஊர்க் கதை. 2013, 2014 வாக்கில் இங்கே முதன்மைக் கல்வி அலுவலராக இருந்தவர் முனைவர் நா. அருள்முருகன். அவரே தமிழ் ஆய்வாளர். தமிழாசிரியரும் எழுத்தாளருமான நா. முத்துநிலவன் முன்னின்று நடத்திய கணினித் தமிழ்ச் சங்கமும் அதே காலத்தது. ஆசிரியர்களுக்கு இணையத் தமிழ்ப் பயிற்சி முகாம்கள் நடந்தன. கற்றுக்கொடுத்தது ரொம்பச் சாதாரண விஷயம்: தமிழில் தட்டச்சு, மின்னஞ்சல், ஆளுக்கொரு வலைப்பூ.

இது ஏன் பெரிய விஷயம் என்று இன்றைக்கு செல்போனில் தமிழ் அடிப்பவர்களுக்குப் புரியாது. அன்றைக்கு அலுவலகங்களில் ஓடியது பாமினியும் வானவில்லும். அந்த எழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துகளின் எண். அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கோப்பு முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஒரு ஆசிரியர் அனுப்பியதை இன்னொரு ஆசிரியர் வாசிக்க முடியாது, தேடினாலும் கிடைக்காது. யூனிகோடு இதைத் தீர்த்தது. தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுக்க ஒரே எண் முறை. தமிழ்நாடு அரசு 2010இல் இதை ஏற்றது. ஆனால் அரசாணை வந்துட்டா விரலுக்குத் தெரிஞ்சிடுமா? பக்கத்தில் உட்கார்ந்து, இந்த மென்பொருளை இப்படி நிறுவுங்க டீச்சர், இந்தச் சாவியை அழுத்தினால் 'ழ' வரும் என்று ஒருவர் காட்ட வேண்டியிருந்தது. முகாமில் நடந்தது அதுதான்.

முதல் முறையாக வாங்கிக்கொண்டே இருந்தவர்கள் அனுப்பவும் ஆரம்பித்தார்கள். 2015 அக்டோபர் 11 அன்று வலைப்பதிவர் திருவிழா புதுக்கோட்டையில் நடந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் சேர்ந்து போட்டிகள் வைத்தது. உள்ளதையும் சொல்லணும்: அந்த வலைப்பூக்களில் வந்தது பெரும்பாலும் கவிதை, நூல் அறிமுகம், சமூகக் கட்டுரை. வகுப்பறைக் குறிப்பு குறைவு. பிறகு பலர் முகநூலுக்கும் வாட்ஸ்ஆப்புக்கும் நகர்ந்துவிட்டார்கள். இருந்தாலும் இதை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன்.

1991-92இல் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துக் கற்பிப்பதோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண் அதில் எங்கே போகிறார் என்று இயக்கம் கேட்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போனார், குவாரிக்கு வேலைக்குப் போனார், அறிவொளி வகுப்புக்கும் போனார். தட்டச்சும் அப்படித்தான். கவிதை எழுதக் கற்ற விரல், கேட்க ஆள் இருந்தால் வகுப்பறையையும் எழுதும்.

அந்தக் கேட்கும் ஆள்தான் வரவில்லை. 2017 செப்டம்பர் 5 அன்று திக்ஷா தளம் தொடங்கியது. 2020 அக்டோபரில் நிஷ்தா பயிற்சி இணையத்துக்கு வந்தது: 18 பாடத்தொகுதிகள், காணொளி, வினாடி வினா, முடித்தால் சான்றிதழ். நெருக்கடிக் காலத்தில் இவ்வளவு பேருக்கு இவ்வளவு வேகமாகக் கொண்டுபோனது சாதனைதான். பாடங்களில் சில உண்மையிலேயே நல்லா இருக்கும். ஆனால் தளம் அளப்பது எத்தனை சதவீதம் முடித்தீர்கள் என்பதை. காணொளியை ஓடவிட்டுவிட்டு விடைத்தாள் திருத்தினாலும் நூறு சதவீதம் வரும். எஜுசாட்டில் பத்துப் பேர் கேள்வி கேட்டார்கள். இங்கே அதுவும் இல்லை.

வாட்ஸ்ஆப் குழுக்களைச் சொல்வீர்கள். உண்மைதான், இன்றைக்கு ஆசிரியர் வலைப்பின்னல் என்றால் அதுதான். ஆனால் அதிகாரி இருக்கும் குழுவில் சுற்றறிக்கையும் 'ஓகே சார்'களும்தான் நிறையும். 'என் வகுப்பில் ஆறு பேருக்கு வாசிக்க வரவில்லை' என்று அங்கே எழுதினால் அடுத்த வாரம் ஆய்வு வந்துவிடுமோ என்ற பயம். நியாயமான பயம்.

அதனால் என் யோசனை சின்னது. ஒரே ஒரு ஒன்றியத்தில் தொடங்கலாம், அறந்தாங்கி என்று வைத்துக்கொள்வோம். இருபது ஈராசிரியர் பள்ளிகள், நாற்பது பேர். குழுவில் ஆய்வு அதிகாரி யாரும் இருக்கக் கூடாது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர் ஒருவர் மட்டும், ஆசிரியருக்கு ஆசிரியராக. வாரம் ஒருவர், பெயர் மறைத்து, ஒரு பிள்ளையின் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுவார். ல, ழ, ள குழம்பிய பக்கமா, கடன் வாங்கிக் கழிக்கத் தடுமாறிய பக்கமா, எதுவானாலும் சரி. மற்றவர்கள் தங்கள் வகுப்பில் என்ன செய்து பார்த்தோம் என்று சொல்லணும், எழுத நேரமில்லாதவர் குரல் பதிவாக. ஆறு வாரம் கழித்து அதே பிள்ளையின் நோட்டு மறுபடி. சான்றிதழ் கிடையாது. செலவு, ஏற்கனவே போட்டிருக்கும் டேட்டா ரீசார்ஜ்தான். யாராவது ஏற்கனவே இப்படிச் செய்துகொண்டிருந்தால் சொல்லுங்க, வந்து பார்க்க ஆசை.