தொட்டிக்குள் சுருளும் வேர்

ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில், துளசியடியில் பெரியாழ்வார் ஆண்டாளைக் கண்டெடுத்தார் என்பது ஐதீகம். நம் வாசல் துளசிக்கோ ஒரு தொட்டி மண்தான் உலகம். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் அடித்துளை வழியே ஓடுகிறதா? காலையில் நீர்விட்டும் மதியம் இலை துவள்கிறதா? உள்ளே மண் குறைந்து வேர் மிகுந்துவிட்டது.

சுவரில் முட்டிய வேர்நுனி நின்றுவிடாது, சுவரை ஒட்டியே வளைந்து ஓடும். அதனால்தான் பழைய தொட்டியைக் கவிழ்த்தால் வேர் வளையமாகச் சுற்றியிருக்கிறது. ஜெர்மனியில் ஹென்ட்ரிக் பூர்ட்டர் குழுவினர் 2012இல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொட்டியின் கொள்ளளவு இரட்டித்தால் செடியின் நிறை சராசரியாக 43 சதவீதம் கூடியிருந்தது.

வேரில் கத்தி பட்டால் செடி செத்துப்போகும் என்று பலரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது கத்திக்கு அல்ல, காற்றுக்கு. நீரின் பெரும்பகுதியை உறிஞ்சுபவை இளம் வேர்களும் அவற்றின்மேல் உள்ள வேர்த்தூவிகளும். ஒவ்வொரு தூவியும் ஒரே செல்லின் நீட்சி. அமெரிக்கத் தாவரவியலாளர் ஹோவர்ட் டிட்மர் 1937இல், பெட்டியில் வளர்ந்த நான்கு மாத ரை தானியச் செடி ஒன்றின் வேர்களைக் கணக்கிட்டார். மொத்த நீளம் 600 கிலோமீட்டருக்கு மேல். தூவிகள் சுமார் 1,400 கோடி! இத்தனை மெல்லியவை வறண்ட காற்றில் சீக்கிரமே காய்ந்துவிடும். தடித்த வேரை வெட்டினாலோ, வெட்டுக்குச் சற்றுப் பின்னாலிருந்து பக்கவேர்கள் கிளைக்கின்றன.

ஆகவே ஆண்டாள் தேருக்கு ஊர் திரளும் ஆடி மாதத்துக் காற்றில் தொட்டி மாற்றும் வேலை வேண்டாம். ஐப்பசி மழை தொடங்கியபின் ஒரு மாலை நேரம் நல்லது. முந்தைய நாளே நீர் விடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்காமல், தூரை விரலிடுக்கில் தாங்கித் தொட்டியைக் கவிழ்த்து விளிம்பைத் தட்டுங்கள். அடியில் சுருண்ட வேரை நறுக்குங்கள். பக்கங்களில் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கீறுங்கள். மற்ற மண் அப்படியே இருக்கட்டும். அதைக் கழுவி உதிர்ப்பது தூவிகளைக் கொல்வதற்குச் சமம். காகிதப்பூ மட்டும் வேரைத் தொட்டாலே வாடும். அதை மண்கட்டி கலையாமல் மாற்றுங்கள்.

புதுத்தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். மிகப் பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். காற்றில்லாமல் வேர் அழுகும். ஒரு வாரம் நிழல், புதுத்தளிர் வரும்வரை உரம் வேண்டாம்.

ராஜபாளையத்து மாந்தோப்புக்காரர்களுக்கு வேர் சுருளாமல் பார்ப்பது இன்னும் முக்கியம். நாற்றுப்பண்ணைப் பையில் நெடுநாள் இருந்த ஒட்டுக்கன்றின் வேர்ச்சுருள், குழியில் வைத்த பிறகும் தானாக நிமிராது. பக்கவேர் பரவாத மரம் வளர்ந்தபின் காற்றுக்குச் சாய்கிறது. தூரைச் சுற்றிய வேர் தடித்துத் தண்டையே இறுக்குவதும் உண்டு. கன்று வாங்கும்போதே பையின் அடியைப் பாருங்கள். சுருள் தடித்திருந்தால் அந்தக் கன்றை விட்டுவிட்டு, வயது குறைந்ததை எடுங்கள்.