அணையாத சுருட்டு எது? ஏரிக்கரை விவசாயிகளுக்குச் சில குறிப்புகள்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றுக்கு மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். ஏரியில் வலை போட்டுப் பிழைக்கும் குடும்பம். மேட்டுப் பக்கத்தில் அரை ஏக்கர் மணல் நிலமும் ஒரு கிணறும் உண்டு. மகன் ஒரு யோசனை வைத்திருந்தான். "அப்பா தினம் சுருட்டு வாங்குகிறார் ஐயா. வாங்குவதில் பாதி நடுவிலேயே அணைந்துபோகிறது. அந்தப் புகையிலையை நம் நிலத்திலேயே போட்டால் என்ன? சுருட்டுகிறவர்களுக்கும் விற்கலாமே?"

பெரியவர் மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்துக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். மேலே சுற்றியிருந்த இலை பரவாயில்லை. உள்ளே இருந்ததோ, தடித்துப் பிசுபிசுத்த மெல்லும் புகையிலை. வெற்றிலையோடு போட வேண்டிய இலையைச் சுருட்டினால் அது எப்படி எரியும்? பிறகு கிணற்று நீரை நாக்கில் வைத்தேன். நன்றாகக் கரித்தது. அந்த நீரைப் பாய்ச்சி வளர்க்கும் புகையிலையும் இதே கதியைத்தான் அடையும் என்று சொன்னேன். பையனுக்கு நம்பிக்கை வரவில்லை. அவனுக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதுவரை சுருட்டைத் தொடாதவர்கள் இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தொட வேண்டாம். பழகிவிட்டவர்கள், வெளியூரிலிருந்து வந்த உறவினர் கொடுத்த சுருட்டு நல்லதா என்று பார்க்க நினைப்பவர்கள், இலை சாகுபடி செய்ய எண்ணுபவர்கள் ஆகியோருக்காகவே இது.

சுருட்டும் சிகாரும்

ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்கும் சொல் நம்முடைய 'சுருட்டு' தான். கப்பலில் வந்த ஐரோப்பியர் பொருளையும் பெயரையும் சேர்த்தே எடுத்துப் போனார்கள். பழவேற்காட்டு மக்களுக்கு இது வியப்பாக இராது. டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டில் கோட்டை கட்டிய ஊர் அல்லவா!

சுருட்டு இருபுறமும் வெட்டித் திறந்திருக்கும். சிகார் என்பதோ ஒரு முனை மூடி இருக்கும்; பிடிக்கும் முன் அந்த முனையைச் சிறிது நறுக்க வேண்டும். இரண்டிலும் இலை மூன்று அடுக்காக இருக்கலாம். நடுவில் உள் இலை, அதைப் பிடித்து நிறுத்தும் கட்டு இலை, எல்லாவற்றுக்கும் மேலே மேல் இலை. மலிவான சுருட்டில் கட்டு இலையை விட்டுவிடுவார்கள். மேல் இலை மெலிதாக, நரம்பு தடிக்காமல், கிழிசல் இல்லாமல் இருக்க வேண்டும். இது கிடைப்பதுதான் அரிது. கியூபா நாட்டில் மேல் இலைக்கென்றே வயலுக்கு மேல் துணிப்பந்தல் போட்டு நிழலில் வளர்க்கிறார்கள். நம் நாட்டில் வங்காளத்தின் வடபகுதியில் இதற்கென்று புகையிலை போடுவது உண்டு.

நம் பக்கத்தில் உறையூர், திண்டுக்கல் சுருட்டுகள் பெயர் பெற்றவை. 1887ஆம் ஆண்டு வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதையில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். இலங்கையில் யாழ்ப்பாணச் சுருட்டுக்குத் தனிக் கியாதி உண்டு. ஏரியின் வடகரைக்கு அப்பால் தெலுங்கு நாட்டில் சுட்டா என்பார்கள். கோதாவரி ஆற்றுத் திட்டுகளில், வெள்ளம் விட்டுப்போன வண்டல் மண்ணில் விளையும் 'லங்கா' புகையிலையில் சுற்றுவது. இந்த ஊர்களின் மண்ணும் நீரும் ஒன்றுக்கொன்று வேறுபட்டாலும், இலை எரிய வேண்டும் என்ற விதி மட்டும் எங்கும் ஒன்றுதான்.

எரிவதும் அணைவதும்

புகையிலை எரிவதற்கு உதவுவது அதிலுள்ள சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ். எரிவதைத் தடுப்பது குளோரைடு. நாம் உண்ணும் உப்பில் பாதிக்கு மேல் இருப்பது இந்தக் குளோரைடு தான். புகையிலைச் செடி இதை மண்ணிலிருந்தும் பாசன நீரிலிருந்தும் தாராளமாக உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் குணம் உடையது. காய்ந்த இலையில் இது நூற்றுக்கு 2 பங்கைத் தாண்டினால் இலை சரியாக எரியாது. அதோடு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து எப்போதும் நமநமவென்று இருக்கும். பற்றவைத்தால் கருகும், நெருப்பு நிற்காது.

ஏரிக்கரைக் கிணறுகளில் ஊறும் நீரின் கதை உங்களுக்கே தெரியும். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியாறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவரும். கோடையில் ஏரி வற்ற வற்ற உப்பு ஏறும். புகையிலைக்குப் பாசனம் அதிகம் தேவைப்படும் தை, மாசி மாதங்கள், கிணறு கரிக்கத் தொடங்கும் காலம்.

"வேதாரண்யத்தில் கடலோரத்து மணலில்தானே புகையிலை விளைகிறது?" என்று பையன் மடக்கினான். நல்ல கேள்விதான். அங்கே விளைவது மெல்லும் புகையிலை. அதற்கு இலை எரிய வேண்டிய அவசியம் இல்லை. தடிப்பும் காரமும் பசையும்தான் வேண்டும். உப்பு நீர் அதற்குக் குறையாகாது. அதே இலையைச் சுருட்டுக்குள் திணித்ததால்தான் உங்கள் அப்பாவின் சுருட்டு அணைந்தது என்றேன். அப்படியானால் மெல்லும் புகையிலையாவது போடலாமா என்றால், அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. வாங்கும் வியாபாரி பக்கத்தில் இல்லாமல் அரை ஏக்கர் இலையைப் பதப்படுத்தி வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் சுருட்டுப் புகையிலை போடுகிறவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்று மியூரியேட் ஆப் பொட்டாஷ் உரத்தை வாங்கிப் போடுகிறார்கள். அதில் பொட்டாஷோடு குளோரைடும் சேர்ந்தே வருகிறது. நெல்லுக்குப் பாதகமில்லை, புகையிலைக்கு ஆகாது. விலை கூடினாலும் சல்பேட் ஆப் பொட்டாஷ் தான் போட வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய உரத்தாலேயே இலையின் தரம் கெட்டு, விலை குறைந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடையில் பார்க்க வேண்டியது

சுருட்டை விரல்களுக்கு இடையில் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். அழுந்தி, விட்டவுடன் மேலெழ வேண்டும். கட்டியாக ஓரிடத்தில் தடுத்தால் அங்கே புகை வராது. பொக்கென்று உள்ளே போனால் இலை போதாது. சூடாக எரிந்து நாக்கைச் சுடும். மொறமொறவென்று ஓசை கேட்டால் காய்ந்துபோன சரக்கு. மேல் இலையில் குண்டூசி முனை அளவுக்குத் துளை தெரிந்தால் வாங்க வேண்டாம். அது சேமிப்பு வண்டின் வேலை. ஒரு கட்டில் ஒன்றில் இருந்தால் மற்றவற்றிலும் இருக்கும்.

அடுத்து முகர்ந்து பாருங்கள். பழுத்த வைக்கோல் போலவோ, பதமான மண் போலவோ வாசனை இருந்தால் நல்லது. மாட்டுக் கொட்டகையின் காரநெடி மூக்கில் ஏறினால் இலை சரியாகப் புளிக்கவில்லை என்று பொருள். காய்ந்த இலையை அம்பாரமாக அடுக்கி, உள்ளே சூடு ஏறியதும் பிரித்து, மேலது கீழாக மாற்றி அடுக்கி, இப்படிப் பல வாரம் செய்தால்தான் அந்த நெடி போகும். அவசரக்காரர்கள் இதைக் குறைத்துவிடுகிறார்கள். சுருட்டில் நடக்கும் ஏமாற்று பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நிறத்தைப் பார்த்துக் காரத்தை முடிவு செய்யாதீர்கள். கறுத்த மேல் இலை சாதுவாக இருப்பதுண்டு. காரம் உள் இலையைப் பொறுத்தது. அதிலும் செடியில் எந்த இடத்து இலை என்பதைப் பொறுத்தது. அடி இலை மெலிது, காரம் குறைவு. நுனி இலை தடிப்பு, காரம் மிகுதி. பூ வரும்போது நுனி கிள்ளி, பக்கக் கன்றுகளை ஒடித்த செடியில் காரம் இன்னும் ஏறும். பழக்கமில்லாதவர் தடித்த சுருட்டை எடுத்துத் தலைசுற்றி வாந்தி எடுப்பது இதனால்தான். படகில் இருக்கும்போது இப்படி நேர்ந்தால் ஆபத்து. சாப்பிடாத வயிற்றோடு பிடிக்கவே கூடாது.

பற்றவைத்த பின் சாம்பலைக் கவனியுங்கள். வெளுத்துக் கெட்டியாகச் சிறிது நேரம் நின்றால் இலை நல்ல மண்ணில் விளைந்தது. சுற்றிலும் ஒரே சீராக எரிந்து வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஓடினால் சுற்றியது சரியில்லை. நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்தால் போதும். அடிக்கடி இழுத்தால் சூடேறிக் கசக்கும்.

கேடு எங்கே இருக்கிறது?

"புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் எனக்கு ஒன்றும் வராது" என்று பெரியவர் சொன்னார். பலரும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை இதில் பாதிதான். உள்ளே இழுக்காதவருக்கு நுரையீரல் கேடு சிகரெட் பிடிப்பவரைவிடக் குறைவு என்பது சரி. ஆனால் சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. நிக்கோடின் வாயின் தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறிவிடும். நாக்கு, அண்ணம், தொண்டை, உணவுக்குழாய் இவற்றில் புற்றுநோய் வரும் ஆபத்து அப்படியே இருக்கிறது. பெரிய சிகார் ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருப்பதும் உண்டு.

ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் கடலோரத்துப் பெண்களிடம் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பழக்கம் இருந்து வந்தது. காற்றில் அணையாமல் இருக்க அது வசதி. அண்ணத்தில் புண்ணும் புற்றும் அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டதை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் ஏரியிலும் இரவுக் காற்றுக்குப் பயந்து யாராவது இப்படிச் செய்தால் உடனே விட்டுவிட வேண்டும். வாயில் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் புகையிலை விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பையனைக் கடைக்கு அனுப்பிச் சுருட்டு வாங்கிவரச் சொல்வதையும் நிறுத்த வேண்டும்.

வாங்கியதைப் படகின் அடிப்பலகையில் செருகி வைக்காதீர்கள். ஏரிக்காற்றின் ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுகப் பொருந்தும் தகர டப்பா போதும். பூத்ததைத் துடைத்துவிட்டுப் பிடிப்பவர்கள் உண்டு; தூர எறிவதே சரி. எறியும் துண்டு, பனை ஓலைக் கூரைப் பக்கமும் நைலான் வலைப் பக்கமும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அரை ஏக்கருக்கு வருவோம். கிணற்று நீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து, மண் மாதிரியோடு திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோகும்படி சொன்னேன். உப்பு மிதமாக இருந்தால் சவுக்கு வரும்; வேலி ஓரத்தில் பனை வைத்தால் ஓலைக்கு பழவேற்காட்டிலேயே கூடை முடைபவர்கள் இருக்கிறார்கள். பையன் ஒருவிதமாக ஒத்துக்கொண்டான். பெரியவர் மட்டும், பிரித்துப் போட்ட சுருட்டுக்கு விலை கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.