பொலிஸ் மா அதிபர்கள்: வந்த வழியும் நீங்கிய வழியும்



கிராண்ட்பாஸிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் மக்களுக்குப் பொலிஸ் என்றவுடன் நினைவுக்கு வருபவர்கள், சந்தியில் நிற்கும் கான்ஸ்டபிளும், முறைப்பாட்டைப் புத்தகத்திற் பதியும் சார்ஜன்ட்டும், நிலையப் பொறுப்பதிகாரியுமே ஆவர். இவர்களுக்கு மேலே உதவி அத்தியட்சகர், அத்தியட்சகர், பிரதிப் பொலிஸ் மா அதிபர் எனப் படிகள் உயர்ந்து செல்கின்றன. உச்சியில் இருப்பவர் பொலிஸ் மா அதிபர். அப்பதவிக்கு வந்தோர் எவ்வழியால் வந்தனர், எவ்வழியால் நீங்கினர் என்று ஆராய்ந்தால், இந்நாட்டில் அதிகாரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே நடந்துவரும் வழக்கு நன்கு விளங்கும். அதனையே இன்று சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

1864 மார்ச் 21ஆம் தேதி, மாவனல்லைக்கு அருகே உத்துவன்கந்தையில், சரதியேல் என்னும் கொள்ளைக்காரனைப் பிடிக்கச் சென்ற சபான் என்ற மலாய்க் கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். கடமையின்போது உயிர்நீத்த முதற் பொலிஸ் வீரர் என அவர் நினைவுகூரப்படுகிறார். பொலிஸ் அமைப்பைச் சீர்செய்யும் தேவையை அக்காலத்து நிலைமை உணர்த்திற்று. 1866 செப்டெம்பர் 3ஆம் தேதி, பம்பாய் மாகாணத்தில் அனுபவம் பெற்ற ஜோர்ஜ் கம்பெல் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டில் அப்பதவி பொலிஸ் மா அதிபர் என்ற பெயரைப் பெற்றது. கம்பெலின் காலம் 1891 வரை நீண்டது. அக்காலத்திலேதான், 1883ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று, நம் கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலமொன்றை ஒட்டிப் பௌத்தரும் கத்தோலிக்கரும் மோதிக்கொண்டனர். விசாரணைக்கென ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது.

அடுத்து நெடுங்காலம் ஆண்டவர் ஹேர்பேர்ட் டௌபிகின். 1901இல் இலங்கைப் பொலிஸில் சேர்ந்து, 1913 முதல் 1937 வரை 24 ஆண்டுகள் தலைமை வகித்தார். 1915ஆம் ஆண்டுக் கலவரமும் அதன் கடுமையான அடக்குமுறையும் அவர் காலத்தவை. சைப்பிரஸ், பலஸ்தீனம் ஆகிய நாடுகளின் பொலிஸ் படைகளை ஆராய்ந்து அறிக்கை தரவும் அவர் அனுப்பப்பட்டார். குடியேற்ற ஆட்சியில் பொலிஸின் முதற்கடமை அரசைக் காப்பதே. அவர் பொறுப்புக் கூறியதும் தேசாதிபதிக்கே, குடிமக்களுக்கன்று. இவ்வுண்மையை மனத்திற் கொண்டாற்றான் பின்வந்த மாற்றத்தின் அருமை புலப்படும்.

1947இல் முதல் இலங்கையராக அப்பதவியை ஏற்றவர் ரிச்சர்ட் அலுவிகாரை. இவர் பொலிஸ் படிகளில் ஏறி வந்தவரல்லர். முதல் உலகப் போரிற் போரிட்டு, பின்னர் சிவில் சேவையில் அனுபவம் பெற்றவர். ‘பொலிஸ் படை’ என்பது ‘பொலிஸ் சேவை’யாக வேண்டும் என்பது அவர் கருத்து. பெண்கள் முதன்முதலாகப் பொலிஸில் சேர்க்கப்பட்டதும் அவர் காலத்திலேயே.

1955இல் அவருக்குப் பின் வந்த ஒஸ்மண்ட் டி சில்வா, பொலிஸ் சேவைக்குள்ளிருந்தே உயர்ந்து தலைமைக்கு வந்த முதல் இலங்கையர். பிரதமர் பண்டாரநாயக்கா விடுத்த வேண்டுகோளொன்று சட்டத்துக்கு இசைந்ததன்று எனக் கருதி, அதனை நிறைவேற்ற அவர் மறுத்தார். 1959இல் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார். சிவில் சேவையிலிருந்து அபேகோன் என்பவர் அவ்விடத்துக்கு நியமிக்கப்பட்டார். மறுத்தவர் நீங்கினார், மறுக்கும் உரிமைக்கு அன்று காவல் எதுவும் இருக்கவில்லை.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1962 ஜனவரியில், இராணுவ, பொலிஸ் உயரதிகாரிகள் சிலர் அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டனர் என்ற செய்தி வெளியாயிற்று. கைதானோருள் பிரதிப் பொலிஸ் மா அதிபர் சி. சி. திசாநாயக்காவும் ஒருவர். அவருடைய உடன்பிறந்தாரான எஸ். ஏ. திசாநாயக்காவோ, அத்திட்டத்தை முறியடிப்பதில் முன்னின்ற அதிகாரிகளுள் ஒருவர். 1963இல் பொலிஸ் மா அதிபருமானார். தகவல் வெளிவருவதற்குக் காரணராயிருந்த ஸ்டான்லி சேனநாயக்கா 1970இல் அதே பதவியை அடைந்தார். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே சீருடை. எனினும் வழிகள் வேறாயின. வழக்கில் தண்டனை பெற்றோரைப் பிரிவி கவுன்சில் 1965இல் விடுவித்தது. அவ்வழக்குக்கெனவே பின்னர் இயற்றப்பட்ட சட்டம் நீதித்துறையின் அதிகாரத்திற் தலையிட்டது என்பதே காரணம். சதியை அடக்கவும் சட்டத்தை வளைக்கலாகாது என்ற பாடம் அதிலுண்டு.

தமிழர்களும் இப்பதவியை வகித்துள்ளனர். ருத்ரா இராஜசிங்கம் 1982 முதல் 1985 வரையும், ஆனந்தராஜா 2002 முதல் 2003 வரையும் தலைமை தாங்கினர். ஆயினும் 1983 ஜூலையின் கொடுமை நிகழ்ந்தது இராஜசிங்கம் பதவியிலிருந்த காலத்திலேயே. தலைவர் எவ்வினத்தவர் என்பது மட்டும் மக்களுக்குக் காப்பாகிவிடாது. தெருவில் நிற்கும் கான்ஸ்டபிள் வரை சட்டத்தின் ஆட்சி இறங்கி வருதல் வேண்டும். அதற்கு மேலுள்ள அரசியல் அதிகாரமும் இடங்கொடுத்தல் வேண்டும்.

பின்னாளிற் சில வேலிகள் எழுந்தன. 2001இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம், அரசியலமைப்புப் பேரவைக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் வழிவகுத்தது. 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், பொலிஸ் மா அதிபரைப் பதவிநீக்குவதற்கு விசாரணையும் பாராளுமன்றத் தீர்மானமும் தேவை என விதித்தது. 2025 ஓகஸ்டில், விசாரணைக் குழுவின் முடிவைத் தொடர்ந்து, தேசபந்து தென்னக்கோனைப் பாராளுமன்றம் 177 வாக்குகளால் நீக்கியது. எதிர்த்து வாக்களித்தோர் எவருமிலர். 1959இல் ஒருவரை அரசின் விருப்பமே வீட்டுக்கு அனுப்பிற்று. 2025இலோ குற்றச்சாட்டு எழுதப்பட்டது, மறுமொழி கேட்கப்பட்டது, வாக்கு எண்ணப்பட்டது. வேறுபாடு சிறிதன்று.

நேயர்களே, இவை மேலிடத்துச் செய்திகள், நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். ஆசிரியனாகிய நான் அவ்வாறு எண்ணவில்லை. தலைமையாசிரியர் நடுநிலை தவறினால் அதன் விளைவு கடைசி வாங்கில் இருக்கும் மாணவனிடத்திலேயே முதலிற் தெரியும். அதுபோலவே, மா அதிபர் சட்டத்துக்கன்றி ஆட்களுக்குப் பணிந்தால், அதன் சுமை கிராண்ட்பாஸ் நிலையத்தில் தன் மொழியில் முறைப்பாடு சொல்லக் காத்திருக்கும் ஏழைத் தாயின் தோளிலேயே விழும். ஆகவே, அப்பதவிக்கு எவர் வருகிறார் என்று கேட்பதோடு, எவ்விதிக்கு அவர் கட்டுப்பட்டவர் என்றும் கேட்கப் பழகுவோமாக.